கட்டி முடியாத வீடு

சுவருக்கு வலிக்கும் என்று நம்பிய மனிதர் மாத்தளை மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தது என் தலையெழுத்து.

யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கந்தோரில் கட்டடப் படம் வரைகிற வேலை. அலுவிகாரையில் எங்கள் ஒழுங்கைக்கே அவர் 'பிளான் ஐயா'. தன் வீட்டுக்கும் தானே பிளான் போட்டார். பெயிண்ட் கிடையாது. ஜன்னல் கிறில்லில் ஒரு பூ கிடையாது. சீமெந்து நிறத்தில் நீளமாக ஒரு கூடம், சுவரோடு சேர்த்துக் கட்டிய ஓர் இருக்கை. அவ்வளவுதான் வீடு!

அதே வருடம் நான் வாசலில் சிங்கத்தூண் நிறுத்தி, ரோஸ் பெயிண்ட் அடித்து வீடு கட்டினேன். வருகிறவர்களோ அவர் கூடத்தில் போய் வாயைப் பிளந்து நின்றார்கள். என் மனைவியும்தான்.

"அங்க போய் உக்காந்தா மனசு லேசாயிருதுங்க. நம்ம வீட்டுல ஷோகேஸ் தொடைக்கவே பொழுது போயிருது."

எனக்கு வயிறு எரிந்தது. வேலியருகே நின்று வேண்டுமென்றே கேட்பேன்: "ஐயா, வீட்டு வேலை எப்பங்க முடியும்?"

"முடிஞ்சுது தம்பி. இதுக்கு மேல ஒண்டும் வேண்டாம்."

புது வீட்டுக் குடிபூரலுக்கு நான் கொடுத்த சுவர்க்கடிகாரம் அவர் மேசை லாச்சிக்குள் ஓடியது. மணி பார்க்க லாச்சியைத் திறப்பார். கல்யாணப் படம் மாட்ட அவர் மனைவி ஆணி எடுத்த அன்று, சுத்தியலைக் கிணற்றில் போட்டுவிட்டார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கும்பல் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. இரண்டு குடும்பமும் பின்னால் கொக்கோ தோட்டத்தில் ஒளிந்திருந்தோம். சிங்கத்தூண் வீடு பற்றி எரிந்தது. அவர் வீட்டு வாசலில் ஒருவன் எட்டிப் பார்த்து, "இது இன்னும் கட்டி முடியல்ல, விடு" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனான். என் வீடு எரிகிற அந்த நேரத்திலும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமைதான் வந்தது.

நான் கையோடு எடுத்து வந்தது செத்துப்போன அப்பாவின் படம் ஒன்றுதான். பிளான் ஐயாவின் கூடத்திலேயே தங்கினோம். படத்தைத் தரையில் சாய்த்து வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பாவை நிலத்தில வைக்கிறதோ தம்பி?"

சுத்தியல்தான் கிணற்றில் கிடக்கிறதே. அம்மிக்குழவியைத் தூக்கி வந்தார். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது அவர் விரலைப் பதம் பார்த்தது. மூன்றாவது இறங்கும்போது, சுவருக்கு வலித்ததோ இல்லையோ, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு நாங்கள் மறுபடி வீடு கட்டிப் போகும்போது அப்பாவின் படத்தைக் கழற்றினேன்.

"ஆணியயும் புடுங்கிரவாங்க ஐயா?"

"விடும், அது கிடக்கட்டும்."

கடைசி வரை அந்தச் சுவரில் வேறெதுவும் தொங்கவில்லை. இந்த ஆணி எதற்கு என்று யாராவது கேட்டால், "அது பக்கத்து வீட்டுத் தம்பியின்ர" என்பாராம்.

இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இனி யாருக்கு வாய்த்தாலும், எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.