திருவொற்றியூரில் நான் போட்ட சத்தம்

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு வீடு இருந்தால் மட்டும் போதாது, வாயும் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும். என்னிடம் வீடு மட்டும்தான் இருந்தது.

அப்பா விட்டுப்போன திருவொற்றியூர் வீட்டில் ஏழுமலை குடும்பத்தோடு குடியிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நான் இருப்பது அண்ணா நகரில். திருவொற்றியூர் வீட்டுத் தெருவிலேயே ஸ்டெல்லா அக்கா, தூரத்தில் இருக்கும் ஓனர்களின் வீடுகளை மேற்பார்வை பார்ப்பவர். குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவார். ஓனர் சொல்வதைக் குடியிருப்பவருக்கும், அவர் சொல்வதை ஓனருக்கும் பக்குவமாகக் கொண்டுசேர்ப்பார்.

"உன் வூட்டையும் நானே பாத்துக்கிறேம்மா" என்றார் ஒருநாள்.

"எங்க ரெண்டு பேருக்கு நடுவுல மூணாவது ஆள் எதுக்குக்கா?" என்று மறுத்துவிட்டேன். (எட்டாம் வகுப்பையே அடக்குகிற டீச்சருக்கு ஒரு குடித்தனக்காரர் எம்மாத்திரம்!)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார். "இன்னாம்மா, உன் வூட்ல ஒரே கும்பலா கீது? வாசல் பூரா செருப்பு!"

உடனே ஏழுமலைக்குப் போன் போட்டேன். "மேடம், இப்ப கொஞ்சம் பேஜாரா கீது, அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. மனுஷன் என் வீட்டை மேன்ஷன் ஆக்கி உள்வாடகைக்கு விட்டுவிட்டார்!

ஆட்டோவில் வழிநெடுக வசனம் மனப்பாடம் செய்தேன். "யாராண்ட மேடம் பேசறீங்க?" என்று டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

செருப்புகளைத் தாண்டி உள்ளே போனேன். கூடம் நிறைய ஆட்கள். முகங்களைப் பார்த்தால் வசனம் மறந்துவிடும் என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்: "இது என் வீடு! எல்லாரும் உடனே காலி பண்ணுங்க!"

அப்புறம்தான் கண்ணில் பட்டது: தட்டு தட்டாகப் பழம், மல்லிகை, குங்குமம். நடுவில் பட்டுப்புடவையில் ஏழுமலையின் மகள் தீபா. அவள் தலையில் பூ வைக்கப்போன மாப்பிள்ளையின் அம்மா, கையை இறக்கிவிட்டார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். "இன்னா ஏழுமல, வூட்ட காலி பண்ணச் சொல்றாங்க? எங்களாண்ட இத்த சொல்லவேயில்ல?"

தீபாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அந்தப் பெண்ணின் கல்யாணத்தை ஒரே மூச்சில் கெடுத்துவிட்டேன்.

அப்போது சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார் ஸ்டெல்லா அக்கா. (ஒத்தாசைக்கு வந்திருக்கிறார். என் குலதெய்வமே அனுப்பியிருக்க வேண்டும்.)

"குந்து நைனா! நம்ம வூட்டுப் பொண்ணுக்கு விசேஷம்னு அண்ணா நகர்லேர்ந்து ஓடியாந்துகீறாங்க. பூவ வெச்சிட்டு கூடத்த காலி பண்ணுங்க, பந்தி போடணும்னு சொல்றாங்க. டீச்சரு, சத்தமாத்தான் சொல்லுவாங்க!" என்றவர், என் கையில் கரண்டியைத் திணித்தார். "இன்னாம்மா, அதானே?"

"அதேதான்க்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பூ வைத்தார்கள். நான் அத்தனை பேருக்கும் கேசரி பரிமாறினேன். ஏழுமலையின் இலைக்கு வந்ததும் குனிந்து, "மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நான்தான் மேடம் முன்னாடியே உங்களாண்ட சொல்லிருக்கணும். பதட்டத்துல வுட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் கரண்டியைப் பிடுங்கி அடித்திருப்பேன்.

கிளம்பும்போது வீட்டுப் பொறுப்பை அக்காவிடம் ஒப்படைத்தேன். 'மூணாவது ஆள் எதுக்குன்னியே?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். இன்றுவரை என் எரிச்சல் எல்லாம் அவர் வாய்வழியாக விசாரிப்பாக மாறித்தான் ஏழுமலையிடம் போகிறது. மோட்டார் கெட்டு ஏழுமலை என்னைத் திட்டினாலும், "மேடம் சௌக்கியமான்னு கேட்டாரு, அப்படியே மோட்டாரு ரிப்பேராம்" என்றுதான் எனக்கு வருகிறது. இரண்டு வீட்டிலும் ரத்தக்கொதிப்பு ஏறாமல் இருப்பது அக்கா புண்ணியம்.

சமீபத்தில் தீபாவுக்கு வளைகாப்பு. அழைப்போடு அக்காவின் உத்தரவும் வந்தது: "வா, வளையல் போடு, துன்னு. வாயை மட்டும் தொறக்காத."

திறக்கவில்லை. முன்பு வந்திராத சம்பந்தி வீட்டு அத்தை ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னோடு வந்திருந்த என் கணவரிடம் சொன்னாராம்: "உங்க வூட்டம்மா மாதிரி சாந்தமான பொம்பளைய நான் பாத்ததேயில்ல சார்."

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் சாந்தா. மகள் தன் போனில் 'அம்மா'வை அழித்துவிட்டு 'சாந்தா' என்றே பதிந்துவைத்திருக்கிறாள்.