ஏகநாதன் மூன்றாம் லெவல் தாண்டிய வரலாறு

வண்டலூரைத் தாண்டியுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில், மாணவர் கையில் கிரீஸ் படுவது நாகரிகத்துக்கு இழுக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. பட்டறை ஸ்பேனர்களெல்லாம் காயலான் கடைக்குப் போயின. முப்பது கம்ப்யூட்டர் வந்தது; அதில் பம்பு பூட்டிப் பழகும் விளையாட்டு வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாம் லெவல் தாண்டாத பட்டறை ஆசிரியருக்குத் திங்கள்கிழமை வேலை இல்லை.

பட்டறை ஆசிரியர் ஏகநாதன் அன்றே மவுஸைப் பிடித்தார். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு பம்பு பூட்டியவர், பாவம். நிஜத்தில் செய்கிற மாதிரியே எதிரெதிர் போல்ட்டாக முடுக்கினார். விளையாட்டோ, பச்சையாக மின்னுகிற போல்ட்டை வரிசையாக முடுக்கச் சொன்னது. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு கோமாளி அழுது, "மீண்டும் முயல்க" என்றான்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழுத் தலைவர் ராஜாராமன் வந்திறங்கினார். வழியில் இரண்டு இளநீர் குடித்திருந்தார். வந்ததும் கழிப்பறை எங்கே என்றார். கல்லூரி மோட்டார் அன்றைக்கென்று பார்த்து நின்றிருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாததால் கழிப்பறையைப் பூட்டியிருந்தார்கள்.

பிரின்சிபால் ஷ்யாம்சுந்தர், விளையாட்டில் முதலிடம் பெற்ற மாணவி ஜோவிதாவை அழைத்தார். அவள் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"சார், எந்த பார்ட்டும் பச்சையா மின்னலையே, எதை முதல்ல தொடறது?"

ஏகநாதனுக்குப் பொறுக்கவில்லை. தன் பைக்கிலிருந்த ஸ்பேனரை எடுத்துவந்து, பம்பைப் பிரித்து, சிக்கியிருந்த பிளாஸ்டிக் பையை உருவி, பத்தே நிமிடத்தில் திரும்பப் பூட்டினார். தண்ணீர் பீய்ச்சியது.

"நிறுத்துங்க!" என்றார் பிரின்சிபால். "நீங்க மூணாம் லெவல் தாண்டலை. இந்த ரிப்பேர் செல்லாது."

"இன்னா சார், தண்ணிதான் வந்துகினு கீதே!"

"வரலாம். அனுமதி இல்லாம வருது."

வால்வை மூடினார்கள். ராஜாராமன் காலைப் பின்னிக்கொண்டு, "விதின்னா விதிதான். சீக்கிரம் தாண்டுங்க" என்றார்.

ஏகநாதன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கோமாளி அழுதான். மறுபடியும் அழுதான். "தள்ளுய்யா!" என்று ராஜாராமனே மவுஸைப் பிடுங்கினார். அந்த விளையாட்டை நாற்பது கல்லூரிகளுக்குப் பரிந்துரைத்தவர் அவர்தான். முதல் லெவலிலேயே கோமாளி விம்மி விம்மி அழுதான். கடைசியில் ஜோவிதா, ஏகநாதன் பெயரில், இரண்டே நிமிடத்தில் மூன்றாம் லெவலை முடித்தாள். சான்றிதழ் அச்சானது. வால்வு திறந்தது. தலைவர் ஓடினார்.

திரும்பி வந்து, நிம்மதியாக அறிக்கை எழுதினார்: "மேற்படி விளையாட்டுப் பயிற்சியின் பயனாக, திரு. ஏகநாதன் நிஜ மோட்டாரையே பழுதுநீக்கினார்."

அடுத்த மாதம் மாணவர் சேர்க்கை விழாவில் ஏகநாதனை மேடையேற்றினார்கள். வேலை தப்பிய சந்தோஷத்தில், "எல்லாம் இந்த கேம் சொல்லிக்குடுத்ததுதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு வரிசையில் வந்து, வீட்டு மோட்டார் ரிப்பேருக்கு அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை அதே கல்லூரியில் சேர்த்துவிட்டுப் போனார்கள்.