ஆவி படியாத கண்ணாடி

சிவமயம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
18.04.2003

அன்புள்ள மருமகன் கதிரவேலுக்கு,

மாமா யோகலிங்கம் எழுதுவது. சித்திரை பிறந்து நான்கு நாளாகிறது. நானும் உமது மாமி பூரணியும் புது உடுப்பும் பழைய மூட்டுவலியுமாகச் சுகமாக இருக்கிறோம். நீரும் அம்மா பத்மாசனியும் அந்தப் பனிக்குள் உடம்பைக் கவனித்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் வலது கண்ணைப் பற்றி அம்மா கேட்டிருந்தா. வெண்புரை எடுத்து ஏழு மாதமாகிறது. வாசலில் நின்றபடி துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன் என்று சொல்லும்.

மாசி மாதம் நீர் அனுப்பிய பார்சலும் கடிதமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. விளையாட்டுத் துப்பாக்கியில் சிறு பிளாஸ்டிக் குண்டுகளைப் போட்டு, பற்றைக்குள் ஒளிந்திருந்து ஆளையாள் சுடும் கழகம் ஒன்றில் நீர் சேர்ந்திருப்பதாகவும், கோடைப் புழுக்கத்தில் காப்புக் கண்ணாடியில் ஆவி படிந்து எதிரியும் மரமும் ஒன்றாகத் தெரிவதாகவும், பன்னிரண்டு பேருக்கும் ஒரே வகைக் கண்ணாடி வாங்கவேண்டும் என்றும், அங்கே இப்போது பனி கொட்டுவதால் சோதித்துப் பார்க்க ஏலாது என்றும், புழுக்கத்துக்குத் திருகோணமலையும் விஞ்ஞானத்துக்கு மாமாவும் இருக்கும்போது வேறு யாரிடம் போய்க் கேட்பது என்றும் எழுதி, மூன்று மாதிரிகளை அனுப்பியிருந்தீர். அந்தக் கடைசி வரியை மாமிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். முதல் வரியை வாசித்திருக்கக் கூடாது.

“இஞ்ச துவக்குச் சூடு விழுது எண்டுதானே பத்மாசனி மச்சாளை அழ அழ பிளேன் ஏத்தி விட்டனாங்கள்? அங்க போய் இந்தப் பெடியன் காசு குடுத்துச் சூடு வாங்குறானோ?”

“அது விளையாட்டு பூரணி. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது.”

“ஒண்டும் ஆகாதெண்டால் கண்ணாடி என்னத்துக்கு?”

முப்பத்துநான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நான் மூன்று கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்தக் கண்ணாடிகளைக் கண்டதும் எனக்கு உமது கழகம் நினைவுக்கு வரவில்லை, போர்த்தேங்காய்தான் வந்தது. நீர் பத்து வயதில் போனவர், மறந்திருக்கலாம். புதுவருடத்துக்கு ஒருவர் தன் தேங்காயை மணலில் வைப்பார், மற்றவர் தன் தேங்காயால் அதை ஓங்கி அடிப்பார், உடைந்தது எவருடையதோ அவர் தோற்றார். நடுவர் பக்கத்திலே குனிந்து நின்று எது வெடித்தது என்று பார்க்கவேண்டும். கடைசியாக நடந்தது தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில். அதற்குப் பிறகு நாங்கள் கூட்டம் கூடி நின்றதெல்லாம் அடையாள அட்டை காட்டத்தான். இப்போது யுத்தநிறுத்தம், பாதை திறந்திருக்கிறது, எதிரணித் தம்பலகாமத்தார் சாக்கிலே தேங்காய் கட்டிக்கொண்டு வருவதாகச் செய்தி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் நம்பும் நடுவர் யோகலிங்கம் மாஸ்டர்தான் என்று முடிவாகி, வந்து வெற்றிலையும் வைத்துவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்து ஒருவர் என்னை நடுவில் வந்து நில்லுங்கள் என்று கேட்கிறார். பரவசத்தில் நான் வெற்றிலையை எடுக்கக் கை நீட்ட, மாமி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சிரட்டைச் சில்லு ஒன்று பறந்து வந்தால் டொக்டர் தந்த கண் போய்விடுமாம். நான் கெஞ்ச, அவள் மறுக்க, ஒரு கிழமைக்குப் பிறகு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது: காப்புக் கண்ணாடி போட்டால் நடுவர், இல்லாவிட்டால் வீட்டில் இருந்து வானொலி. ஆனால் கண்ணாடியில் ஆவி படிந்தால் கீறல் தெரியாது, கீறல் தெரியாத நடுவரைத் தம்பலகாமத்தார் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆக, உமக்கு எவ்வளவு அவசரமோ அதைவிட எனக்கு அவசரம்.

முதலாவது மாதிரி ஒற்றைக் கண்ணாடி, சுற்றிவரப் பஞ்சு வைத்து இறுக்கி மூடியது. கடையில் குளிர்ச்சோடாப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தால் அது வியர்க்கிறதல்லவா, அதே கதைதான். முகத்துச் சூட்டில் கிளம்பும் ஈரக்காற்று வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இதைப் போட்டுக்கொண்டு காலையில் மீன் வாங்கச் சைக்கிளில் போனேன். துறைமுகத்துக் காற்று முகத்தில் அடிக்கும்வரை நல்ல தெளிவு. பஸ் தரிப்பிடத்தடியில் நிறுத்தி ஒரு நிமிடம் ஆகவில்லை, உலகம் முழுவதும் பால் ஊற்றினதுபோல ஆகிவிட்டது. எனக்கு முன்னால் யாரோ நிற்பது மட்டும் தெரிந்தது. “தம்பி, கொஞ்சம் விலத்தும், சைக்கிள் போகவேணும்” என்றேன். அசையவில்லை. “தம்பி, உம்மைத்தான்” என்று தோளிலே தட்டினேன். தோள் மயிர் மயிராக இருந்தது. எங்கள் ஊர் மான்கள் வீதியில் திரிவது உமக்குத் தெரியும்தானே. பஸ்சுக்கு நின்ற சனம் சிரித்த சிரிப்பில் மான்கூட வெட்கப்பட்டு ஓடிவிட்டது. பற்பசை தேய்த்தால் ஆவி படியாது என்று ஒருவர் சொன்னதை நம்பி அன்று பின்னேரம் தேய்த்தேன். ஆவியும் படிந்தது, கண்ணாடி முழுக்கக் கோடும் விழுந்தது. உமது கழகத்தார் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

இரண்டாவது கம்பிவலை. இதில் ஆவி படிய இடமே இல்லை, ஆகையால் முதலில் எனக்குப் பெரும் புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் காற்று நுழையும் வழியில் வேறு என்ன நுழையும் என்று பார்க்கவேண்டுமே. குசினியில் இருந்த நீற்றுப்பூசணிக்காய்க்குக் கரியால் இரண்டு கண் வரைந்து, வலையை மாட்டி, அதற்குப் பக்கத்தில் வைத்துத் தேங்காய் உடைத்தேன். பிறகு கழற்றிப் பார்த்தால் பூசணிக்காயின் வலது கண்ணில் ஊசி மாதிரி ஒரு சில்லு குத்திக்கொண்டு நிற்கிறது.

மாமி பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். “பூசணிக்காய்க்குக் கண் போச்சு. நாளைக்கு ஆருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, நோயாளியை எடுத்துக்கொண்டு போய்க் கறி வைத்துவிட்டாள். உமது பிளாஸ்டிக் குண்டும் வலையில் பட்டுச் சிதறினால் தூள் உள்ளே வரும். ஆகவே வலையும் வேண்டாம்.

மூன்றாவது இரட்டைக் கண்ணாடி. இரண்டு தட்டுக்கும் இடையில் காற்று அடைபட்டிருக்கிறது, மேலும் கீழும் காற்றோட்டத் துளைகள். சுடுதண்ணிப் போத்தலுக்கும் இரண்டு சுவர்தானே, உள்ளே கொதித்தாலும் வெளியே தொட்டால் தெரியாது. அதுபோல உட்தட்டு முகத்தின் சூட்டிலேயே இருப்பதால் ஆவி சுலபத்தில் படியாது. இதைச் சோதிக்கக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் புறப்பட்டேன். வழியில் சோதனைச் சாவடி. பையைத் திறந்து பார்த்த சிப்பாய்த் தம்பி தனக்குத் தெரிந்த தமிழில், “மாஸ்டர், இது என்னத்துக்கு?” என்று கேட்டார்.

“தேங்காய் உடைக்க.”

ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் இரண்டு கையாலும் அடித்துக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. “ஆ, பொரபொல்! எங்கட ஊர்லயும் இருக்கி! வருசத்துக்கு! ஆனா மாஸ்டர், வைச்சி அடிக்கிறது சரியில்ல. எறியணும்.”

“எறிஞ்சால் குறி தவறும் தம்பி.”

“குறி தவறுறவன் ஏன் விளையாடுற?”

நியாயமான கேள்வி. இப்படி நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டு நிற்க, அவர் கண்ணாடியை வாங்கித் தான் போட்டுப் பார்த்து, “பாதை வடிவா தெரியுது” என்று கழற்ற மனமில்லாமல் நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. கண்ணாடி போட்ட சிப்பாயைக் கண்ட சனம், ஏதோ புதுச் சட்டம் வந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லாமலே இறங்கி, அட்டையும் கையுமாக வரிசையில் நின்றுவிட்டது. அரைமணி நேரத்துக்குப் பிறகே எனக்குக் கண்ணாடி திரும்பிக் கிடைத்தது. ஆகவே வெந்நீரூற்றில் குனிந்து நிற்கப் பத்து நிமிடம்தான் மிஞ்சியது. மூலையில் கொஞ்சம் படிந்தது, நிமிர்ந்ததும் போய்விட்டது. குளிக்கிற சவர்க்காரத்தை மெல்லிசாகப் பூசி நிழலில் காயவைத்தால் இன்னும் நல்லது என்று மாமிக்கு விளக்கினேன். அவள் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

புதுவருடத்துக்கு மறுநாள் போட்டி. மதியம் சாப்பிட்டு எழும்ப முதலே ஆட்கள் கூப்பிட்டார்கள். நான் அவசரமாகக் கண்ணாடியை மாட்டி, தொப்பியையும் போட்டுக்கொண்டு ஓடினேன். கதிரவேல், அன்று அடித்த புழுக்கத்தில் துறைமுகத்துத் தண்ணீருக்கே வியர்த்திருக்கும். மூன்று மணி நேரம் குனிந்தேன், நிமிர்ந்தேன், வியர்வை காதால் ஒழுகியது, கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவி இல்லை! ஒரு மூலையில்கூட இல்லை! எங்கள் துறைமுகப் பக்கத்து அடிகாரன் குலசிங்கமே கிட்ட வந்து பார்த்துவிட்டு, “மாஸ்டர், கண்ணாடி போட்டிருக்கிறதே தெரியேல்லை. கனடாச் சாமான் கனடாச் சாமான்தான்” என்றான். சில்லுகள் மழைபோலப் பறந்தன, ஒன்று கன்னத்தில் பட்டுத் தெறித்தது, கண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை.

கடைசி ஆட்டம் குலசிங்கத்துக்கும் தம்பலகாமத்து ஆனந்தராசாவுக்கும். பதினொரு அடி, இரண்டு தேங்காயும் கல்லுமாதிரி. பன்னிரண்டாவது அடியில் ‘டக்’ என்று ஒரு மெல்லிய சத்தம். இரண்டும் முழுசாகத்தான் இருக்கின்றன. “அவன்ரதுதான் வெடிச்சது!” என்று இரண்டு பக்கமும் கத்துகிறார்கள். நான் இரண்டையும் கண்ணோடு சேர்த்துப் பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்தேன். குலசிங்கத்தின் தேங்காயில் நூல் மாதிரி ஒரு கீறல், அதன் நுனியில் தண்ணீர் ஒரு துளி. கையை உயர்த்தி, தம்பலகாமம் வென்றது என்றேன்.

“நல்ல கதை! கண்ணாடி கனடாவாம், தீர்ப்புத் தம்பலகாமமாம்!” என்று குலசிங்கம் குதித்தான். ஆனந்தராசா அந்தத் துளியைத் தன் விரலால் தொட்டு அவன் நாக்கிலே வைத்து, “உன்ர தேங்காய்த் தண்ணிதானே, இனிக்குதோ?” என்று கேட்க, குலசிங்கமே சிரித்துவிட்டான். வென்ற தேங்காயெல்லாம் அங்கேயே பொங்கலுக்குத் துருவப்பட்டது. முன்பு ஊரடங்கு தொடங்கும் மாலை ஆறு மணி தாண்டியும் ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, வீட்டுக்குப் போக அவசரப்படவில்லை. அதைப் பார்த்து நிற்க எனக்குக் கண் கலங்கியது. லேஞ்சியை எடுத்து இரண்டு கண்ணையும் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

ஆகையால் என் முடிவு: மூன்றாவது வகை. கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டும் வாங்கும். எந்தப் புழுக்கத்திலும் ஆவி படியாது என்பதற்கு முப்பத்துநான்கு வருட அனுபவத்தோடு நான் பொறுப்பு.

நீரும் உமது பன்னிரு போர்வீரரும் குறி தவறாமல், குண்டு படாமல், பசி நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்து நூறாண்டு வாழக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். அம்மாவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
அன்பு மாமா,
சோ. யோகலிங்கம்

பி.கு.: உறையை ஒட்ட முதல் மாமி கடிதத்தை வாங்கி வாசித்தாள். முடிவிலே நின்று, “இஞ்சாருங்கோ, ஆட்டத்தில கண்ணாடியைக் கழட்டினனீங்களோ?” என்றாள்.

“கழட்டக் கூடாது எண்டு நீதானே சொன்னனீ. வீடு வருமட்டும் கழட்டேல்லை.”

“அப்ப கண்ணை எப்பிடித் துடைச்சனீங்கள்?”

எழுந்து போய், ஆணியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து விரலை வைத்தேன். விரல் வெறும் சட்டத்துக்குள்ளால் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. இருவரும் தட்டைத் தேடிக் குசினிக்குப் போனோம். மாமி கழற்றிச் சவர்க்காரம் பூசிக் காயவைத்த இரட்டைத் தட்டு, நாலு நாளாக ரசச் சட்டியின் மேல் இருக்கிறது. “காயவைச்சதை மறந்துபோய், பலகாரப் பெட்டியோட வந்த மூடியாக்கும் எண்டு நினைச்சிட்டன்” என்றாள் மெதுவாக. உள்ளே இருப்பது ரசமா சாம்பாறா என்றே தெரியாத அளவுக்கு அதில் ஆவி படிந்திருந்தது.

பிறகு டோர்ச் அடித்து என் கண்ணை நெடுநேரம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஏசத் தொடங்கினாள். இப்போதும் ஏசிக்கொண்டிருக்கிறாள், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். மேலே எழுதிய பொறுப்பை வாபஸ் பெறுகிறேன். மாமி சொல்லச் சொன்னது இதுதான்: “மூண்டாவதையே வாங்கட்டும். ஆவி படிஞ்சால் படியட்டும், ஓரமாய்ப் போய் நிண்டு துடைக்கட்டும். ஆனால் போட முதல் ஒருக்கால் விரலால தட்டிப் பாக்கச் சொல்லி எழுதுங்கோ.”