டம்மி வைத்த பொய் ஃபோன்

பாறசாலையிலிருந்து காட்டாக்கடை வரை, டம்மியைப் போல இத்தனை யோக்கியமாகப் பொய் சொன்ன இன்னொருவன் கிடையாது. அவனுடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்று, சைக்கிளில் சாளை விற்று, மீனுக்குக் குளிர் அறை கட்டியவன் நான். நானாக ஃபோன் போட்டு எவனையும் கூப்பிட்டதில்லை. அவனவன் என்னைக் கூப்பிடுவான். ஒரு முறை மிஷின் நின்று அறை முழுக்க நெய்மீன் அழுகியது. இன்னொரு முறை நடந்தால் பழையபடி சைக்கிள்தான். அறையில் சூடு ஏறினால் என் ஃபோன் அடிக்க வேண்டும் என்று டம்மியை வேலைக்கு வைத்தேன். பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதினான். ஃபோனை எடுத்தால் கேட்பதும் அவன் தன் குரலிலேயே பதிந்து வைத்ததே.

"எலே, வேலை செய்யுதா?"

"டெஸ்ட் பாஸ் மொதலாளி."

"ரூம் சூடாவவே இல்லியே, பின்ன எப்படிலே பாஸ்?"

"தெர்மாமீட்டரைப் படிக்கிற புரோகிராம் துண்டுக்குக் கிளாஸுன்னு பேரு. அதுக்குப் பதிலா ஒரு மாக், பொய்யா ஒண்ணு, வெச்சிருக்கேன். சூடு எவ்வளவுன்னு கேட்டா இருபது டிகிரின்னு சொல்லும். சொல்லிக் கொடுத்தது நானாக்கும்."

"பொய்சாட்சியா?"

"ஃபோனுக்கும் ஒண்ணு உண்டு. அது அடிக்காது. எத்தனை தடவ கூப்பிட்டோம்னு குறிச்சு மட்டும் வைக்கும். டெஸ்டுக்காவ உங்க மீனை வேகவைக்க முடியுமா?"

லீவு கேட்பதற்கு முன்கூட என் நாற்காலியில் உப்புச் சாக்கை உட்கார வைத்து, அதனிடம் கேட்டுப் பார்ப்பான். சாக்கு ஒரு நாளும் மறுத்ததில்லை. நான் ஒரு நாளும் சம்மதித்ததில்லை.

நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணம். பாயசத்தில் போளியைப் பிய்த்துப் போட்ட நேரம் ஃபோன் அடித்தது. "மொதலாளி, ரூம் சூடாவுது, ஓடி வாங்க!" வைத்தால் மறுபடி. பதினாலு முறை. கழுவாத கையோடு ஓடினேன். அறை கல்லாக உறைந்து கிடந்தது. டம்மி தலையைச் சொறிந்தான்.

"இன்னிக்குப் புதுசா எழுதின பதினாலு டெஸ்ட் ஓட்டினேன் மொதலாளி. பொய் ஃபோனை, ஃபோன் கிளாஸ் எழுதின ஃபைல்ல வெச்சிட்டேன். அதைக் கூப்பிடுற ஃபைல்ல வெச்சிருக்கணும். புரோகிராம் நேரா நெச ஃபோனையே எடுத்திட்டு."

"எலே, என் போளி போச்சே!"

"அதுவும் நெசமாக்கும்."

அடுத்த வருடம் டம்மிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அன்று சாக்கிடம் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தான்.

"போவட்டா மொதலாளி?"

போகாதே என்ற ஒரு சொல்லுக்காக நின்றான். "போலே, உன்னைப் போல நூறு பேர் வருவான்" என்றேன்.

இரண்டு வருடமாயிற்று. ஒருவனும் வரவில்லை. அவன் எழுதியது பிசகவில்லை, அறை சூடாகவில்லை, ஃபோன் அடிக்கவில்லை. நானாகக் கூப்பிடும் பழக்கம்தான் எனக்குக் கிடையாதே.

நேற்று மீனையெல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாற்றினேன். குளிர் அறைக் கதவை விரியத் திறந்து, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ஃபோன் அடித்தது.

"மொதலாளி, ரூம் சூடாவுது, ஓடி வாங்க!"

"வாறேன் மக்கா" என்றேன்.