மாப்பிள்ளை தூக்கிய அம்பாசிடர்

பயந்த சுபாவக்காரனுக்கு ஆபத்து தானாக வருவதில்லை; அவனே கடைக்குப் போய் விலைகொடுத்து வாங்கி வருகிறான். நான் வாங்கி வந்தது ஒரு ஜாக்கி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரும்புலியூரில் இருந்தோம். என் பழைய அம்பாசிடரோடு வந்த திருகு ஜாக்கி ஒருமுறை லேசாக நழுவியது. உடனே அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, ‘பாதுகாப்பான’ ஜாக்கி தேடித் தாம்பரம் முழுக்க அலைந்தேன். வண்டியின் எடையோடு மாமனார் வீட்டாரின் எடையையும் கூட்டி (மாமனாரை இரண்டு ஆளாக வைத்து), ஐந்து டன் ஜாக்கி கேட்டேன்.

“சார், இது லாரிக்குப் போடறது. உன் வண்டிக்கு அடில போவுமா, அளந்தியா?” என்றார் கடைக்காரர்.

“மூணு தடவை.”

உண்மைதான். மனைவி சரோஜாவின் தையல் டேப்போடு வண்டிக்கு அடியில் படுத்து அளந்திருந்தேன். ஜாக்கியைவிட இரண்டு விரல் இடம் அதிகமாகவே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கூடுவாஞ்சேரியில் சரோஜாவின் தம்பி சேகருக்கு நிச்சயதார்த்தம். என் வண்டியில் போவதற்காக மாமனார் வீட்டார் முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பத்தரைக்கு ராகு காலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். காலையில் பார்த்தால் பின் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. சீர்த்தட்டுகளோடு ஆட்டோவில் போய் இறங்க மாமியார் சம்மதிக்கவில்லை.

நான் பதறவில்லை. (வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.) மற்ற மூன்று சக்கரங்களுக்கும் ஆறு செங்கல் வைத்தேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஜாக்கியை உள்ளே தள்ளினேன். போகவில்லை. திருப்பித் தள்ளினேன். ஊஹும்.

டயரில் காற்று இருக்கும்போது அளந்திருக்கிறேன். காற்று இருக்கும் வண்டிக்கு ஜாக்கி எதற்கு என்று மூன்று தடவையில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“என்ன மாப்பிள்ளை?” என்றார் மாமனார்.

“வண்டியக் கொஞ்சம் தூக்கினா ஜாக்கிய வச்சிடலாம், மாமா.”

மாமனார் வண்டியையும் ஜாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வண்டியத் தூக்கத்தானேங்க ஜாக்கி வாங்கினீங்க?” என்றாள் சரோஜா.

கடைசியில் சேகர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். அவனும் மாமனாரும் பக்கத்து வீட்டுக்காரரும் பம்பரைப் பிடித்துத் தூக்கினார்கள். “இன்னும் ஒரு விரல், இன்னும் அரை விரல்” என்று நான் கீழிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

“மாமா, நாங்க இப்படியே புடிச்சிட்டு நிக்கிறோம். நீங்க டயரையே மாத்திடுங்க” என்றான் சேகர், மூச்சிரைக்க.

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் அப்பா தட்டைக் கையில் எடுத்தவர், சேகரின் வேட்டியில் இருந்த கிரீஸைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“மாப்பிள்ளை பேங்க்லன்னு சொன்னீங்க?”

ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஜாக்கிக் கதையை முழுதாகச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

“பொய் சொல்றவங்க இவ்வளவு கேவலமா ஒரு பொய் சொல்ல மாட்டாங்க” என்று தட்டை நீட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரனே பிறந்துவிட்டான். நான் எதை வாங்கினாலும், “அண்ணா, காத்து இறங்கின பிறகு அளந்தீங்களா?” என்று கேட்காமல் விடமாட்டாள். போன மாதம் கைத்தடி வாங்கினேன்.

“அளக்கும்போது நிமிர்ந்து நின்னீங்களா, இல்ல இப்ப நடக்கற மாதிரியா, அண்ணா?”

தடி இரண்டு விரல் உயரம் அதிகம்.