நாற்பது மொட்டை

"முகம் பொருந்தவில்லை. மாணவர் வரவில்லை."

டேப்லெட் இப்படிச் சொன்னபோது, வராத அந்த மாணவன் நிதின் லீனாவின் மூக்குக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். தலை மொட்டை. மீசையையும் காணோம். அவனுக்குப் பின்னால் வரிசையாக இன்னும் முப்பத்தொன்பது மொட்டைகள்.

லீனாவுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்ட ஐ.டி.ஐ.களுக்கும் முகப்பதிவு வருகையைக் கொண்டுவந்த அதிகாரியே அவள்தான். வெல்டிங் கரியைக் கழுவிவிட்டு ஒரு நாளைக்கு நாலு தரம் முகம் காட்ட வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம். இன்று திருப்பதி வெல்டிங் பிரிவில் வருகை பூஜ்யம் என்றதும் சித்தூரிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு வருகைக் கணக்கு மேலிடத்துக்குப் போகும்; அதற்குள் சரியாகவில்லை என்றால் பதவி போய்விடும். அவள் நாற்காலிக்கு ஏர்பேட்டுக்காரர் ஒருவர் எப்போதோ துண்டு போட்டு வைத்திருந்தார்.

"என்ன பழனி சார் இது? க்ளாஸ் மொத்தமும் மொட்டையா?"

வெல்டிங் வாத்தியார் பழனி, குல்லாயும் பெரிய மீசையுமாக நெளிந்தார். "ஞாயித்துக்கெழம மலைக்குப் போய்க்கினு வந்தாங்க மேடம். வேண்டுதலு."

"முகத்தை மாத்தக் கூடாதுன்னு போர்ட்டல்ல போட்டேனே! ஒருத்தராவது பாக்கறீங்களா? நான் யாருக்கு எழுதறேன், செவுத்துக்கா?"

"டெய்லி பாத்துக்கினுதான் கீறோம் மேடம்."

திட்டி என்ன பயன்? மார்க்கர் பேனாவைக் கொடுத்து எல்லோரையும் மீசை வரைந்துகொள்ளச் சொன்னாள். டேப்லெட் உடனே ஏற்றுக்கொண்டது. ஆனால் அத்தனை பேரும் பழனி சார் என்றது. அன்று காலை பழனி சார் நாற்பது தடவை வேலைக்கு வந்திருந்தார்.

"எவனாவது சிரிச்சீங்க, தொலைச்சிடுவேன்!"

பழைய படங்களை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்தால் போயிற்று என்று டேப்லெட்டைப் பிடுங்கிக் குத்தினாள். கோபத்தில் விரல் எங்கே பட்டதோ, இரண்டு மாவட்டத்து மாணவர்களின் முகங்களும் மொத்தமாகப் போய்விட்டன. இப்போது சித்தூர் முதல் சந்திரகிரி வரை வருகை பூஜ்யம். மணி பன்னிரண்டு அடித்தது.

லீனா தொப்பென்று உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு வருஷ உழைப்பு! இனி ஏர்பேட்டுக்காரர் பல்லை இளித்துக்கொண்டு வந்து உட்காருவார்.

"அப்படி இன்னாடா வேண்டுதலு? என் வேலைக்கே உலை வைக்கிற வேண்டுதலு?"

நாற்பது மொட்டைகளும் குனிந்துகொண்டன. பழனி குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அங்கேயும் மொட்டை.

டீ கொண்டுவந்த அட்டெண்டர் கிருஷ்ணம்மா, முந்தானையைத் தலைமேல் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மேடத்துக்கு வேற ஊருக்கு டிரான்ஸ்பர் ஆனா முடி குடுக்கறோம்னு எல்லாருந்தான் வேண்டிக்கினோம். ஆர்டரு சனிக்கெழமையே போர்ட்டல்ல வந்துட்ச்சே, நீங்க பாக்கலயா?"