இரண்டாவது ஆளின் கைரேகை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, போனில் "சாப்பிட்டியா"ன்னு கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் "சரி, வெச்சிடறேன்" என்கிறவன் நீ.

விஷயத்துக்கு வருகிறேன். டெலிபோன் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபின் சும்மா உட்காரப் பிடிக்காமல், காலேஜில் மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். தடயவியலும் குற்றவியலும் சேர்ந்த சான்றிதழ்ப் படிப்பு. தையல் வகுப்பிலும் இடமிருந்தது, ஆனால் அங்கே யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இங்கே கொலையைப் பற்றியாவது நாலு பேர் பேசுவார்களே. பெஞ்சில் எனக்கு ஒரு பக்கம் ஒரு செக்யூரிட்டிக்காரர், மறுபக்கம் மாப்பிள்ளையைச் சந்தேகப்படும் ஒரு மாமியார். எழுத்துப் பரீட்சையில் குறையில்லை. ரத்தக்கறையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு வாத்தியார் தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். செய்முறையில்தான் மாட்டிக்கொண்டேன்.

அவரவர் வீட்டில் கைரேகை எடுத்து, குறைந்தது இரண்டு பேருடையதைப் பிரித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ் கிடையாது. இதென்ன பிரமாதம் என்று கதவு, பீரோ, ஃபேன் சுவிட்ச், சர்க்கரை டப்பா என வீடு முழுக்கக் கருப்புப் பொடியைத் தூவி, நானும் கரிபிடித்த சட்டி மாதிரி ஆகி, செல்லோடேப்பில் ஒட்டியெடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், எல்லாம் நான். வாசல் மணியில்கூட நான்தான், அது அடிக்கிறதா என்று அவ்வப்போது நானே அழுத்திப் பார்ப்பேன். கொல்லைச் சேற்றில் ஒரு செருப்புத் தடம் கண்டு, அப்பாடா, திருடன் வந்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டு பிளாஸ்டரில் அச்செடுத்து வகுப்புக்குச் சுமந்துகொண்டு போனேன். வாத்தியார் அச்சைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "இது உங்க செருப்பும்மா" என்றார். இந்த வீட்டில் என்ன குற்றம் நடந்தாலும் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும்.

சரி, ஆளைக் கூப்பிடுவோம் என்று சிலிண்டர் போடுகிறவரை உள்ளே அழைத்தால் கையுறையோடு வந்தார். கழற்றச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார், அன்றிலிருந்து சிலிண்டரை வாசலோடு வைத்துவிட்டுப் போய்விடுகிறார். மாடி வீட்டம்மாவை டீ குடிக்கக் கூப்பிட்டேன். கண்ணாடி டம்ளரைக் கை நிறையப் பிடித்தார், ரேகை பளிச்சென்று விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவர் வெகுநேரம் உட்கார்ந்து பேசினாரா, அந்தச் சந்தோஷத்தில் அவரை அனுப்பிவிட்டு வந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். பழக்கதோஷம். உனக்குத் தெரியாததா, அலமாரிக் கண்ணாடியில் நீ கைவைத்தால் நகர்வதற்குள் துணியோடு வந்து நிற்பேனே. போன தடவை நீ வந்தபோதுகூட, நீ தெருமுனை திரும்புவதற்குள் துடைத்தாகிவிட்டது. துடைக்காமல் இருந்திருக்கலாம்.

"வீட்ல வேற யாருமே இல்லையாம்மா?" என்று வாத்தியார் எல்லோர் முன்னாலும் கேட்டார். "தம்பி இருக்கான் சார், வருவான்" என்றேன். வேறென்ன சொல்ல. வீட்டுக்கு வந்து அதையே ஒருமுறை எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதனால் லீவு இல்லை, அது இல்லை, இது இல்லை என்று சாக்குச் சொல்லாதே. ஒரு பகல் போதும். வந்து பத்து விரலையும் வைத்துவிட்டுப் போ, அக்கா பாஸாக வேண்டாமா?

பிள்ளைகளுக்கு என் முத்தம். வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், எந்தக் கேஸிலும் சிக்காமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மனசு கேட்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செய்முறை போன மாதமே முடிந்துவிட்டது. செக்யூரிட்டிக்காரர் என்மேல் பரிதாபப்பட்டு என் டிபன் டப்பாவில் தன் கட்டைவிரலை அழுத்திக் கொடுத்தார். சான்றிதழும் வந்து அலமாரிக்குள் இருக்கிறது. ரேகை எதுவும் எனக்கு வேண்டாம். நீ வந்து கண்ணாடியில் எங்கே வேண்டுமானாலும் கைவை, நான் துடைக்க மாட்டேன்.